நாலாம் நம்பர் மிஷினும் என் இடுப்பும்

எங்கள் தொழிற்சாலையில் இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பு என்னைத் தேடி வருகிறார்கள். கேன்டீனில் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஊசி போட்டுக்கலாமா, இல்ல எக்சர்சைஸே போதுமா?" என்று கேட்கிறார்கள். ஏதோ பெண் பார்க்கப் போவதற்கு யோசனை கேட்பது போல அத்தனை ரகசியம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இடுப்பு வலி போய் வாய் வலி வந்தால் அதற்கு எந்த வைத்தியம் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களிடம் இந்தத் தாள்களைக் கொடுத்துவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. ஓசூரில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின்கள் ஓடும் ஒரு ஷாப்பில் டை செட்டர். தகட்டை எந்த வடிவத்தில் வெட்டவோ வளைக்கவோ வேண்டுமோ, அந்த வடிவத்தில் செய்த இரும்பு அச்சுக்கு டை என்று பெயர். ஒரு சாமான் முடிந்து அடுத்த சாமான் ஓட வேண்டுமானால், பிரஸ்ஸிலிருந்து பழைய டையை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். அதுதான் என் வேலை. சின்ன டையே ஒரு சிமெண்ட் மூட்டை கனம் இருக்கும். அதைத் தூக்கச் செயின் பிளாக் உண்டு. சங்கிலியை இழுத்தால் கனத்தை அதுவே மேலே கொண்டுபோகும். ஆனால் ஷாப் முழுவதற்கும் அது ஒன்றே ஒன்று. எப்போதும் அடுத்த வரிசையில் யாரிடமாவது இருக்கும். அது வரும்வரை காத்திருந்தால் அன்றைய டார்கெட் போயிற்று.

ஆகவே எங்களுக்குள் ஒரு பழக்கம். ஆளுக்கொரு முனை பிடிப்போம். நான் "பிஸ்மில்லா" என்பேன், எதிர் முனையில் முனிராஜ் "மாதேஸ்வரா" என்பான், டை மேலே ஏறிவிடும். கையால் தூக்குகிறவனுக்குத்தான் ஷாப்பில் மரியாதை. செயின் பிளாக்குக்காகக் காத்து நிற்பவனைப் பார்த்து, "என்னப்பா, மாப்பிள்ளைக்கு இன்னும் கார் வரலையா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார்கள். முனிராஜ் பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். மாப்பிள்ளைக் கார் கேலியைக் கண்டுபிடித்தவனே அவன்தான்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரப்போவது புரியாது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஓர் அட்டை தொங்கும். செக் ஷீட் என்பார்கள். ஆயில் பார்த்தாயா, போல்ட் முடுக்கினாயா, பிரேக் சரியா என்று வரிசையாகக் கேள்வி. ஷிப்டுக்கு ஒரு கட்டம். செய்துவிட்டு டிக் அடிக்க வேண்டும். யாரும் தினமும் அடித்ததில்லை. சனிக்கிழமை ஷிப்டு முடியும் நேரத்தில் வாரம் முழுவதையும் சேர்த்து அடிப்போம். அதில் ஒரு கைத்திறன் உண்டு. இரண்டு பேனா வைத்துக்கொள்ள வேண்டும். சில டிக்குகளைச் சாய்த்தும் சிலவற்றை நிமிர்த்தியும் போட வேண்டும். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு முறை நாலாம் நம்பர் பிரஸ்ஸில் பேரிங் சிக்கிக்கொண்டு மிஷின் நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து இன்ஜினீயர்கள் வந்தார்கள். செக் ஷீட்டைப் பார்த்தார்கள். ஆயில் தினமும் போட்டதாக டிக் இருந்தது. ஆயில் இருந்தும் பேரிங் சிக்கினால் கோளாறு உள்ளேதான் என்று முடிவு செய்து, நாலு நாள் மிஷினை அக்கக்காகப் பிரித்துப் போட்டார்கள். கடைசியில் ஆயில் கப்பைத் திறந்து பார்த்தால், அது ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் காய்ந்து கிடந்தது. அந்த ஷீட்டில் டிக் அடித்தவன் யார் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. அது நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், டையைப் பிடித்துத் திரும்பும்போது இடுப்பில் ஏதோ நழுவியது. அன்று பெரிதாக வலிக்கவில்லை. மறுநாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தபோது, இடுப்பிலிருந்து இடது தொடை வழியாகப் பாதம்வரை கரண்ட் அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் மனைவி சாகிரா ஓடி வந்து, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றேன். வலிக்கிறதா என்று கேட்டாள். "இல்ல," என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு வியாதி, இடுப்பு வலிக்கும் முந்தியது.

ஓசூரில் மாத்திரை, தைலம், இடுப்பில் போடும் சாதாரண வலி ஊசி என்று இரண்டு மாதம் போயிற்று. எதுவும் ஒரு ஷிப்டுக்கு மேல் தாங்கவில்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் உட்காரத்தான் முடியவில்லை. நின்றால் பொறுத்துக்கொள்ளலாம், உட்கார்ந்தால் உயிர் போகும். காலி சீட்டை வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டிப் பெங்களூர் வரை நின்றே போவேன். கண்டக்டர் ஒருவர் எனக்கு "நிக்கிற சாரு" என்றே பெயர் வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவுக்கு வெளியே பார்த்த காட்சியை மறக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நோயாளிகள் எல்லோரும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என் இனம் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் வலி எந்தக் காலில் இறங்குகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கினார். பாதி தூக்குவதற்குள் கத்திவிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. கனம் தூக்கித் தூக்கி அது பின்பக்கம் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பைத் தொட்டு எரிச்சலூட்டுகிறது. நரம்பைச் சுற்றி வீக்கம். வலி காலில் தெரிந்தாலும் பிறப்பது இடுப்பில்தான். அந்த வீக்கத்தைக் குறைக்க முதுகில் ஓர் ஊசி போடலாம் என்றார்.

முதுகில் ஊசி என்றதும் பயந்துவிட்டேன். போட்ட விதத்தைச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொள்ளச் சொன்னார்கள். முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு நீள ஊசி. அது நரம்பைக் குத்துவதில்லை. தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மருந்தை விடுகிறார்கள். மருந்து, வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்டீராய்டு. உள்ளே யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல ஒரு கனம், கால்வரை ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன். அதன்பிறகுதான் குனிந்தது நினைவுக்கு வந்தது. நடுத்தெருவில் நின்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

கூடவே டாக்டர் சொன்ன இன்னொன்றை நான் காதில் வாங்கவில்லை. "இது வீக்கத்தைத்தான் குறைக்கும். முதுகுக்குப் பலம் குடுக்காது. அதுக்கு நீங்க பயிற்சி பண்ணணும்" என்று சொல்லியிருந்தார். வலி இல்லாதவனுக்குப் பயிற்சி எதற்கு? ஒரு வாரம் கழிந்ததும் டையைத் தூக்கினேன். இரண்டு மாதம் தாங்கியது. இரண்டாவது ஊசி மூன்று வாரம் தாங்கியது. மூன்றாவது ஊசி கேட்டுப் போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊசியை இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டே போக முடியாது, ஆறு வாரம் பிசியோதெரபி செய்துவிட்டு வாருங்கள், அதற்கும் குறையவில்லை என்றால் ஆபரேஷன்தான் என்றார்.

பிசியோதெரபியில் லீலாவதி மேடம். நடுத்தர வயது, வெள்ளைக் கோட்டு, கன்னடம் கலந்த தமிழ். ஐந்து பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது, பிறகு உள்ளங்கையை ஊன்றி இன்னும் மேலே, மல்லாந்து படுத்து வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையோடு அழுத்துவது, இப்படி. "சொல்ப சொல்பமா பண்ணுங்க சார். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. பண்ணிட்டு இதுல டிக் போடுங்க," என்று கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்.

அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வரி, வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு இரண்டு கட்டம். அச்சு அசலாக எங்கள் செக் ஷீட்.

முதல் நாலு நாள் செய்தேன். இரும்பு தூக்குகிறவன் தரையில் பல்லி மாதிரி படுத்து நெஞ்சை நிமிர்த்துவது வெட்கமாக இருந்தது. போதாக்குறைக்கு, அதைச் செய்தால் இடுப்பில் வலி கூடியது. வலிக்கு வைத்தியம் தேடிப் போனால் வலியை ஏற்றிவிடுகிறார்களே என்று விட்டுவிட்டேன். மருந்து என்றால் ஊசிதான், இது பள்ளிக்கூட டிரில் என்று மனதுக்குள் ஒரு எண்ணம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேடத்தைப் பார்க்கப் போகும்போது, பஸ்ஸில் கம்பியில் சாய்ந்து நின்றபடி, ஓசூர் தாண்டியதும் ஆரம்பித்து அத்திப்பள்ளிக்குள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுவேன். இரண்டு பேனா, சாய்ந்த டிக், நிமிர்ந்த டிக். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும் என்று கைக்குப் பழகியிருந்தது.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். அதே பாதியில் கத்தினேன். அட்டையைப் பார்த்தார். யோசித்தார். "இவ்வளவு ஒழுங்கா பண்ணியும் குறையலேன்னா, இனி காத்திருந்து பிரயோஜனம் இல்ல. அட்மிட் ஆயிடுங்க," என்றார். ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது.

அட்மிட்டான மறுநாள் மையலோகிராம் எடுத்தார்கள். முதுகில் ஊசி வழியாக ஒரு சாயத்தைச் செலுத்தி, நம்மைக் கட்டியிருக்கும் மேசையை மேலும் கீழும் சாய்த்துச் சாய்த்து எக்ஸ்ரே எடுப்பது. சாயம் எங்கே தடைபடுகிறதோ அங்கே நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். பரிசோதனை வலிக்கவில்லை. பிறகு இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. தலையை உயர்த்தியபடியே கிடந்தேன். சாகிரா ஈரத்துணி போட்டு, டம்ளரில் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஆபரேஷனில் கால் செத்துப்போனவர்கள் உண்டு என்று வார்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. செட்டர் வேலை போய் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது போலவும், அதுவும் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருப்பது போலவும் நினைத்து நினைத்துப் பயந்தேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, லீலாவதி மேடம் வார்டுக்கு வந்தார். என்னிடம் பேசிவிட்டுச் சாகிராவைப் பார்த்து, "உங்க யஜமானரு மாதிரி பேஷண்ட் நான் பாத்ததில்லம்மா. வாங்க, காட்றேன்," என்று அழைத்துப் போனார். அவர்கள் பேச்சில் யஜமானர் என்றால் வீட்டுக்காரர். கால் மணி நேரத்தில் சாகிரா திரும்பி வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்தாள். நார் நாராக உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த அம்மா உங்க அட்டைய சுவத்துல குத்தி வெச்சிருக்காங்க," என்றாள். "வர்ற ஆளுங்களுக்கெல்லாம் காட்றாங்களாம். பேக்டரி ஆளு, ஷிப்டு வேல, அப்பிடியும் ஒரு நாள் விடல பாருங்கன்னு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"மூணாவது வாரம் பூரா நாம கிருஷ்ணகிரியில என் தம்பி கல்யாணத்துல இருந்தோம். நீங்க மண்டபத்துல மூலைய விட்டு எழுந்திரிக்கல. அந்த வாரமும் டிக் இருக்குது."

"சும்மா ஒரு பேப்பருதானே சாகிரா."

"அந்தப் பேப்பரப் பாத்துதானே கத்தி வெக்கறாங்க?"

அப்போதுதான் எனக்கு நாலாம் நம்பர் மிஷின் நினைவுக்கு வந்தது. ஆயில் போட்டதாக டிக் இருக்கிறது, ஆகவே கோளாறு உள்ளே, ஆகவே பிரித்துப் போடு. என்னையும் அப்படித்தான் பிரிக்கப்போகிறார்கள். அந்த அட்டையிலும் டிக் அடித்தவன் நான்தான்.

"டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் சாகிரா. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் சொல்லாமலே ஆபரேஷனைச் செய்துகொண்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு வெட்கம். முதுகைத் திறப்பதைவிட வாயைத் திறப்பது கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை பார்த்தால் முனிராஜ் வந்து நிற்கிறான். கூடவே எங்கள் ஷாப்பைச் சேர்ந்த மூன்று பேர். ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்படலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாலு பேரும் லீவு போட்டு, முதல் பஸ் பிடித்து வந்து, என்னைப் பார்ப்பதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிட்டார்கள். கையில் பஞ்சோடு வரிசையாக நிற்கிறார்கள். "பயப்படாத பாய். பாகலூரு ரத்தம், நாட்டுக்கோழி தின்ன ரத்தம். ஏறுனா நீ டைய ஒத்தக் கையில தூக்குவ," என்றான் முனிராஜ். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார்.

சாகிரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், அந்த அட்டைல இருக்கறது பொய் சார்," என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. "எந்த அட்டை?"

"எக்சர்சைஸ் அட்டை. நான் பண்ணல. பஸ்ஸுல வர்றப்ப டிக் அடிச்சுக்குவேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையா எத்தனை நாள் பண்ணீங்க?"

"நாலு நாள் சார்."

முனிராஜ் பஞ்சைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். டாக்டர் கோபப்படுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "டிஸ்க் பிதுங்கியிருக்கறது படத்துல தெரியுது. அது உண்மை. ஆனா உங்க கால்ல பலம் இருக்கு, சிறுநீர்ல கட்டுப்பாடு இருக்கு. அதுல ஏதாவது குறைஞ்சிருந்தா இன்னைக்கே வெட்டியிருப்பேன், உங்களக் கேட்டிருக்கவே மாட்டேன். நாலு நாள் பண்ணினவருக்குப் பயிற்சி பலிக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, நர்ஸைப் பார்த்து, லீலாவதி மேடத்தைக் கூப்பிடச் சொன்னார்.

மேடம் வந்து கேட்டுக்கொண்டார். போய், சுவரிலிருந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தார். மூலையில் குண்டூசி குத்திய ஓட்டை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "நேத்து ஒரு பேஷண்ட்டுக்கு இதக் காட்டித் திட்டினேன் சார். நாலு நாள் விட்டுட்டேன்னு உண்மைய சொன்னாரு. அவருகிட்ட நான் சாரி கேக்கணும்," என்றார். என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவர் போனதும் முனிராஜ் மெதுவாக என் காதருகே குனிந்து, "பாய், அந்த நாலாம் நம்பர் ஷீட்டு..." என்று இழுத்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், பஞ்சு பறக்கச் சிரித்தான். இன்றைக்கும் ஷாப்பில் எனக்கு நாலாம் நம்பர் என்றுதான் பெயர். அவர்கள் கொடுத்த ரத்தம் வீண்போகவில்லை. லாரியில் அடிபட்டு வந்த ஒரு பெண்ணுக்கு அன்றே அதில் ஒரு பாட்டில் ஏறியதாக நர்ஸ் சொன்னார். அதைக் கேட்டு நாலு பேரும் வந்த வேலை முடிந்த திருப்தியோடு பஸ் ஏறினார்கள்.

ஆபரேஷன் தள்ளிப் போடப்பட்டது. மூன்றாவது ஊசி போட்டார்கள். "இது உங்க வலி போறதுக்கு இல்ல. நீங்க பயிற்சி பண்ண வழி விடறதுக்கு," என்றார் டாக்டர். ஊசிக்குப் பிறகு பத்து நாள் வார்டிலேயே வைத்து, லீலாவதி மேடம் பக்கத்தில் நின்று செய்யவைத்தார். முன்பு என்னை ஓடவைத்த விஷயத்தையும் அப்போதுதான் விளங்கவைத்தார். "வலி எங்க இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். முதலில் பாதத்தில் இருந்தது. பிறகு முழங்காலோடு நின்றது. பிறகு தொடை. அதே சமயம் இடுப்பில் கூடியது. "இடுப்புல கூடினா பயப்படாதீங்க. கால விட்டுட்டு மேல ஏறுதுன்னா, நரம்ப விட்டுப் போகுதுன்னு அர்த்தம். கீழ இறங்குனாத்தான் நிறுத்தணும், எங்கிட்ட சொல்லணும்," என்றார். முன்பு நான் விட்டு ஓடியது, வலி சரியான திசையில் நகரத் தொடங்கிய நேரத்தில். உண்மையை எழுதியிருந்தால் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பார்.

வீட்டுக்குப் புறப்படும்போது புது அட்டை கொடுத்தார். "இதுல டிக் வேணாம். பண்ணாத அன்னைக்கு மட்டும் பெருக்கல் போடுங்க," என்றார்.

வீட்டில் சாகிரா கட்டிலைச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் கோரைப்பாய் விரித்தாள். இரண்டு பாய். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று அவளும் பக்கத்தில் குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன சாகிரா, ரெண்டு பேரும் என்னத்த தேடறீங்க?" என்று கேட்டாள். "இவரு இடுப்பத் தொலைச்சுட்டாரு அக்கா," என்றாள் சாகிரா. இரண்டு நேரமும் மூன்று மாதம் அவள் கூடவே செய்தாள். அவளுக்கு இடுப்பில் ஒரு குறையும் இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், டை மாற்ற வேண்டி வந்தது. பழக்க தோஷத்தில் குனியப் போனேன். முனிராஜ் "ஏய், நில்லு" என்று கத்திவிட்டு, மூன்றாவது வரிசைக்கு ஓடி, அங்கே சண்டை போட்டு, செயின் பிளாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். வரும்போதே ஷாப் முழுவதும் கேட்க, "தள்ளுங்க, தள்ளுங்க, மாப்பிள்ளைக்குக் கார் வந்தாச்சு!" என்று கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். தினமும் அப்படித்தான் கொண்டுவருவான். கேலியை அவனே முதலில் செய்துவிட்டதால் வேறு யாரும் என்னைக் கேலி செய்ய முடியவில்லை. அவன் எனக்குச் செய்த உதவிகளில் ரத்தத்தைவிட இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, கேன்டீனில் கேட்கிறவர்களுக்குப் பதில். ஊசி வேகமானது. படுத்துக் கிடந்தவனை மூன்றாம் நாள் எழுப்பி நடக்கவைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் அது நிற்கவில்லை. முதல் முறை இரண்டு மாதம், அடுத்த முறை மூன்று வாரம். பயிற்சி மந்தமானது. முதல் மூன்று வாரம் இதனால் ஒரு பலனும் இல்லை என்றே தோன்றும். ஆனால் அது கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவில்லை. என் விஷயத்தில் ஊசி இல்லாமல் பயிற்சியைத் தொடங்கியிருக்க மாட்டேன். பயிற்சி இல்லாமல் மூன்றாவது ஊசியும் வீணாகியிருக்கும். உங்கள் இடுப்பு எப்படியோ, அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தது, நாம் சொல்லுவதுதான்.

மூன்று மாதம் கழித்து நானும் சாகிராவும் அட்டையோடு பெங்களூர் போனோம். டாக்டர் காலைத் தூக்கினார், தூக்கினார், நேராக நிற்கும்வரை தூக்கினார். நான் கத்தவில்லை. ஆபரேஷன் தேவையில்லை என்று கேஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லீலாவதி மேடத்திடம் அட்டையை நீட்டினேன். ஒன்பது பெருக்கல் குறி இருந்தது. மூன்று நாள் காய்ச்சல், இரண்டு நாள் டபுள் ஷிப்டு, மற்ற நாலு நாளும் வெறும் சோம்பேறித்தனம். சோம்பேறித்தனம் என்றே பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொரு குறியையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு மேசையிலிருந்து குண்டூசியை எடுத்து, சுவரில் பழைய அட்டை இருந்த அதே இடத்தில் இதைக் குத்தினார். சாகிராதான் எனக்கும் சேர்த்து நன்றி சொன்னாள்.

திரும்பும்போது அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும், "நிக்கிற சாரு, கம்பி காலியா இருக்கு," என்றார். நான் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன். சாகிரா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் வலிக்குது," என்றேன்.

"எழுந்து நிக்கறீங்களா?"

"வேணாம். இந்த அளவுக்கு உக்காந்துக்கிட்டே வரலாம்."

அவள் தோளில் இருந்த பையை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். ஓசூர்வரை உட்கார்ந்தே வந்தேன்.